கழிவு போக மிஞ்சுவது: மலையகத்தில் மாலைத் தொடர்கள் மதிப்பிடப்படும் விதம்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் தொலைக்காட்சித் தொடர் பார்ப்பவர்களைப் பற்றி நகரத்துப் படித்தவர்களிடையே ஓர் உறுதியான எண்ணம் உண்டு. எதைப் போட்டாலும் பார்ப்பார்கள், அழச் சொன்னால் அழுவார்கள் என்பதே அது. ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கங்களில் காலை வேளையில் கொழுந்து மலைக்கு ஏறும் பெண்களின் பேச்சைச் சிறிது தூரம் கேட்டுக்கொண்டு நடந்தவர்கள் இந்த எண்ணத்தோடு திரும்ப முடியாது. முந்தின இரவு பார்த்தது அந்த ஏற்றத்திலேயே அலசப்பட்டு, மலையை அடைவதற்குள் தீர்ப்பும் வழங்கப்பட்டுவிடுகிறது. "நேத்து ஒன்னும் நடக்கல", "இழுக்கிறான்", "நேத்துதான் கத கதையா இருந்துச்சி" என்று ஓரிரு சொற்களில் முடிந்துவிடும் அந்தத் தீர்ப்புகள் மனம்போன போக்கில் சொல்லப்படுபவை அல்ல. அவற்றுக்குப் பின்னால் மாறாத ஓர் அளவுகோல் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது, இன்றைய தொடர்கள் ஏன் அடிக்கடி அதற்கு எட்டாமல் போகின்றன என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பல்லாண்டு காலம் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற என் அத்தையின் கருத்துகளையே இதற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்கிறேன். விமர்சகர் என்று தன்னை யாரும் அழைத்தால் சிரிப்பார். ஆனாலும் தொடர்களைப் பற்றி நான் கேட்ட மிகக் கறாரான பேச்சு அவருடையதுதான்.

முதலில், இந்தப் பார்வையாளரிடம் தொலைக்காட்சி எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும். இலங்கையின் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஜப்பானிய உதவியுடன் தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் முதன்மைப் பரப்புக் கோபுரம் நுவரெலியாவுக்கு மேலே, நாட்டின் மிக உயரமான 2,524 மீற்றர் பிதுருதலாகலை உச்சியில் நிறுவப்பட்டது. நாட்டுக்கே படம் அனுப்பும் கோபுரம் மலையகத்தின் தலையில் நின்றபோதிலும், அந்த அலைகள் நேர்கோட்டில் செல்பவை என்பதால், இடையில் ஒரு முகடு குறுக்கிட்டாலே அதன் மறைவிலிருந்த தோட்டத்துக்குப் புள்ளிமழைதான் கிடைத்தது. மூங்கில் கழியில் அன்டனாவைக் கட்டிக் கூரைமேல் ஒருவர் திருப்ப, வாசலில் நிற்கும் இன்னொருவர் "வருது, வருது, போச்சி" என்று கத்திய காலம் அது. தமிழ் நிகழ்ச்சிகளுக்கு ஒதுக்கப்பட்ட நேரமும் குறைவாகவே இருந்தது. எனவே மலையகத்தின் முதல் தலைமுறைப் பார்வையாளர்கள் தமக்குப் பாதி விளங்கிய மொழிகளில்தான் நாடகம் பார்க்கப் பழகினார்கள். வசனத்தைவிட முகத்தையும் செயலையும் கவனிக்கும் பழக்கம் அப்போதே படிந்துவிட்டது என்பது என் எண்ணம்.

அப்படிப் பார்த்தவற்றில் அத்தை இன்றும் மறக்காதது 'ஒஷின்'. ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை ஒளிபரப்பிய இத்தொடர், பதினைந்து நிமிடம் கொண்ட 297 எபிசோட்களில் முடிந்தது. பின்னர் ரூபவாஹினி வழியாக இங்கும் வந்தது. யமகத்தா மலைப் பகுதியில், குத்தகை நிலத்தில் பயிரிடும் ஏழைக் குடும்பத்தில் பிறந்த ஏழு வயதுச் சிறுமி, ஒரு மூட்டை அரிசிக்காக ஓராண்டுக்கு வேறொரு வீட்டில் வேலைக்கு அனுப்பப்படுகிறாள். போக மாட்டேன் என்று முதலில் அடம்பிடிப்பவள், வயிற்றில் இருக்கும் பிள்ளையைக் கலைப்பதற்காகத் தாய் உறைபனி ஆற்றில் இறங்கி நிற்பதைக் கண்டபிறகு, தானாகவே போகச் சம்மதிக்கிறாள். தெப்பத்தில் ஏறி ஆற்றோடு போகும்போது அவள் அம்மாவைக் கூவி அழைப்பாள். சப்பானியப் பனியும் கிமோனோவும் தேயிலை மலைக்கு எவ்வளவு தூரமோ, அந்த மூட்டை அரிசி அவ்வளவு நெருக்கம். கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை இல்லாத லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு, அந்நாளில் அரிது.

இந்த எபிசோட் ஏன் சிறந்தது என்று அத்தையிடம் கேட்டபோது, சோகமாக இருந்ததால் என்று அவர் சொல்லவில்லை. "போனா போனதுதான். மறுநாளு திரும்பி வந்துட்டான்னு காட்டல்ல" என்றார். அவருடைய அளவுகோல் முழுவதும் இந்த வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. திரையில் ஒன்று நடந்தால் அது நடந்ததாகவே நிற்க வேண்டும். அதன் விலையை யாராவது கொடுக்க வேண்டும். அடுத்த நாள் கதை அந்த இழப்பின் மேல் நின்று தொடங்க வேண்டும். சிறுமி ஒஷினின் பகுதி முழுவதும் 36 எபிசோட்களில், அதாவது ஒன்பது மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது என்பதை இங்கே நினைவிற்கொள்வது நல்லது. இன்றைய தமிழ்த் தொடர் ஒன்றில் ஒரு நிச்சயதார்த்தம் தட்டிப்போவதற்கே அவ்வளவு நேரம் போதாது.

இந்த அளவுகோல் தொலைக்காட்சி கற்றுக்கொடுத்தது அல்ல. மாசி மாதத்தில் தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்தை இரவு முழுவதும் பார்த்தவர்களுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. சிவனின் தவத்தைக் கலைக்கச் செல்லும் மன்மதன் எரிந்துபோவான் என்பது அங்கே கூடியிருக்கும் ஒருவருக்கும் புதிய செய்தி அல்ல. வேடம் கட்டியிருப்பவர் அடுத்த லயத்துக்காரர் என்பதும், காலையில் அவர் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து நிற்பார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இருந்தும் தப்பு என்னும் பறையின் அடி ஏற ஏற, ரதி புலம்பத் தொடங்கும்போது பெண்கள் விம்முகிறார்கள். கதை முன்பே தெரிந்திருப்பது சுவையைக் கெடுக்கும் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமே இல்லை. மன்மதன் மீண்டும் உயிர்பெறுவதுகூட ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படிதான். கொடுத்த உயிரைத் தெய்வமே முழுதாகத் திருப்பித் தருவதில்லை. இந்தக் கூத்தைப் பார்த்து வளர்ந்த ஒருவரிடம், விஷம் குடித்த மருமகள் திங்கட்கிழமை எழுந்து காப்பி போடுவதைக் காட்டினால் அவர் என்ன சொல்வார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

2020ஆம் ஆண்டில் கொரோனாவால் சென்னையில் படப்பிடிப்புகள் நின்று, அலைவரிசைகள் பழைய தொடர்களைத் தூசுதட்டி மீண்டும் ஓட்டியபோது இதற்கு இன்னொரு சான்று கிடைத்தது. 2002 முதல் 2005 வரை ஒளிபரப்பான 'மெட்டி ஒலி' அப்போது மறுபடியும் வந்தது. ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பன் ஒவ்வொரு சம்பந்தி வீட்டு வாசலிலும் தலைகுனிந்து நிற்கும் அந்தக் கதையின் முடிவு எல்லோருக்கும் தெரிந்ததே. ஊரடங்கில் அடைபட்டிருந்த வீடுகளில் அது புதிய தொடர் போலவே பார்க்கப்பட்டது. மகள் ஒருத்தி புகுந்த வீட்டில் படும் பாட்டை அத்தை இரண்டாம் முறை பார்த்தபோது, முதல் முறை மாமியார்மேல் வந்த கோபம் இம்முறை மருமகனின்மேல் வந்ததாகச் சொன்னார். நன்றாகக் கட்டப்பட்ட எபிசோட் பார்ப்பவரின் வயதோடு சேர்ந்து வேறு பொருள் தரும் என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் கேட்டதில்லை.

இனி ஏமாற்றத்தின் பக்கம் வருவோம். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் சில கிலோவைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் துண்டுச் சீட்டில் எழுதுவார்கள். அத்தை தொடர்களையும் இந்தக் கணக்கில்தான் பார்க்கிறார்: அரை மணித்தியாலத்தில் கழிவு போக எவ்வளவு நிற்கிறது? இந்திய விதிகள் ஒரு மணித்தியாலத்தில் 12 நிமிடம் வரை விளம்பரத்தை அனுமதிக்கின்றன. ஆகவே அரை மணித்தியாலத்தில் 24 நிமிடம் மிஞ்ச வேண்டும். அதில் தலைப்புப் பாட்டு, முந்தின நாள் சுருக்கம், நாளை வரப்போகும் காட்சிகள் ஆகியவை போகின்றன. எஞ்சியதிலும் ஒருவர் ஓர் அதிர்ச்சிச் செய்தியைச் சொன்னவுடன் கூடத்தில் நிற்கும் எட்டுப் பேரின் முகமும் ஒவ்வொன்றாக, இடி முழக்கத்துடன், சிலருக்கு மும்முறையும் காட்டப்படுகிறது. இவ்வளவும் போக நிற்பது சில நாட்களில் ஒரேயொரு உரையாடல் மட்டுமே.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் காரணம் தயாரிப்பு முறையிலேயே இருக்கிறது. ஒருகாலத்தில் வாரம் ஐந்து நாளாக இருந்த ஒளிபரப்பு பல தொடர்களுக்கு இன்று ஆறு நாளாகிவிட்டது. எழுதி முடித்த கதையைப் படமாக்குவது என்ற நிலை போய், ஒளிபரப்பை எட்டிப் பிடிப்பதற்காக அன்றாடம் வசனம் எழுதி, அன்றாடம் எடுக்கும் நிலை வந்துவிட்டது. கையிருப்பில் சில நாட்களுக்கான எபிசோட்களே இருக்கும். இந்நிலையில் ஒரு நடிகரின் கால்ஷீட் கிடைக்காவிட்டால் அவர் பங்கேற்க வேண்டிய சண்டை தொலைபேசி உரையாடலாக மாறுகிறது, அல்லது அவர் திடீரென்று ஊருக்குப் போய்விடுகிறார். வெளியிடத்தில் எடுப்பதற்குச் செலவும் நேரமும் கூடுதல் என்பதால், வீதியில் நடக்க வேண்டியதும் கூடத்துச் சோபாவுக்கு வந்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடிக்கொண்டிருக்கும் தொடர் எப்போது முடியும் என்பது எழுதுபவருக்கே தெரியாது. 2003இல் தொடங்கிய 'கோலங்கள்' 1,533 எபிசோட்கள் ஓடி 2009இல்தான் முடிந்தது. முடிவு தெரியாமல் கதை எழுதுபவர் எந்தப் பாத்திரத்தையும் உண்மையாகச் சாகடிக்கவோ, மன்னிக்கவோ, வீட்டைவிட்டு அனுப்பவோ துணியமாட்டார். நாளைக்குத் தேவைப்படலாம் அல்லவா? செய்ததைத் திரும்பப் பெறும் வசதியை அவர் எப்போதும் கையில் வைத்திருக்கிறார். பார்வையாளர் "ஒன்னும் நடக்கல" என்று சொல்வது இந்த வசதியைப் பற்றித்தான். சம்பவங்களின் எண்ணிக்கையைப் பற்றி அல்ல.

சனிக்கிழமை உச்சக்கட்டத்தில் நிறுத்துவதும் திங்கட்கிழமை அதைக் கரைத்துவிடுவதும் இதே தொழிலின் இன்னொரு உத்தி. முன்னோட்டத்தில் கத்தி தூக்குபவர் எபிசோடில் அந்தக் கத்தியால் தேங்காய் மட்டையைத்தான் வெட்டுவார். இதில் மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரே தொடருக்குள் மகிழ்ச்சியும் ஏமாற்றமும் எப்படி இடம் மாறுகின்றன என்பதற்கு 2022 பெப்ரவரியில் தொடங்கிய 'எதிர்நீச்சல்' நல்ல எடுத்துக்காட்டு. படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து சமையற்கட்டுக்குள் அடைத்துவைக்கும் ஆதி குணசேகரன் என்ற மூத்தவரும், அவருக்கு அஞ்சி வாழும் தம்பிகளும், ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்ற நான்கு பெண்களும்தான் அதன் ஆதாரம். ஆரம்பகால எபிசோட்களில் பெரும்பாலும் ஒரு வீடும் ஒரு சமையற்கட்டுமே களம். அங்கே காய் நறுக்கிக்கொண்டே நால்வரும் தாழ்ந்த குரலில் பேசும் காட்சிகளுக்குப் பட்டப்படிப்பு முடித்த பேத்தியையும் அழைத்து அத்தை பக்கத்தில் உட்காரவைத்தார். அந்தப் பேச்சில் ஒவ்வொரு நாளும் யாராவது ஒருத்தி முன்பு சொல்லத் துணியாத ஒன்றைச் சொன்னாள். சொன்னபிறகு அதை எடுத்துவிட முடியவில்லை. செலவேயில்லாத களத்தில் அளவுகோல் நிறைவேறியது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டெம்பர் 8ஆம் திகதி, அதே தொடருக்கான டப்பிங் பணியின்போது உடல்நலம் குன்றி மறைந்தார். மலையகத்தில் பல வீடுகளில் அது உறவுக்காரர் மரணம்போலப் பேசப்பட்டது. கொடுமைக்காரராக நடித்த ஒருவருக்காக, அந்தக் கொடுமையைத் தங்கள் வீட்டிலேயே கண்ட பெண்கள் வருந்தினார்கள் என்பது விந்தையாகத் தோன்றலாம். நடிப்பையும் நடிகரையும் பிரித்துப் பார்க்கக் கூத்து அவர்களுக்கு எப்போதோ கற்றுக்கொடுத்துவிட்டது. பின்னர் அப்பாத்திரத்தை வேல ராமமூர்த்தி ஏற்றார். ஆளை மாற்றினால் தொடர் விழுந்துவிடும் என்ற பொதுவான கருத்தை அத்தை ஏற்கவில்லை. "ஆளு மாறினதுல பெழை இல்ல தம்பி. அந்த ஆளு வீட்ல இல்லாட்டியும் அவுங்களுக்குப் பயம் இருந்துச்சே, அது மாறினதுதான் பெழை" என்றார். என்னிடமும் மறுப்பு இல்லை. 2024இன் தொடக்கத்தில் குணசேகரனின் மகள் தர்ஷினி கடத்தப்பட்ட பகுதி வாரக்கணக்கில் நீண்டபோது, கதை சமையற்கட்டைவிட்டு வெளியேறித் தேடலிலும் துரத்தலிலும் அலைந்தது. ஓட்டம் கூடியது, நால்வருக்குள் எதுவும் மாறவில்லை. அந்த ஆண்டு ஜூன் மாதம் தொடர் முடிந்தது.

இவ்வளவு கறாரான தீர்ப்புகள் ஏன் தொடர்களை மாற்றுவதில்லை என்ற கேள்விக்கு விடை கடலுக்கு அப்பால் இருக்கிறது. இந்தியாவில் பார்க் என்ற அமைப்பு தெரிவுசெய்யப்பட்ட வீடுகளில் கருவி பொருத்தி, எந்த நிமிடத்தில் எந்த அலைவரிசை பார்க்கப்படுகிறது என்று அளந்து, வாரந்தோறும் புள்ளிகளை வெளியிடுகிறது. விளம்பரக் கட்டணமும், ஒரு கதைப்போக்கு நீட்டப்படுவதும் வெட்டப்படுவதும் அந்தப் புள்ளிகளைப் பொறுத்தவை. அந்தக் கருவி பாக்குநீரிணையைக் கடந்து வருவதில்லை. மஸ்கெலியாவில் ஒரு லயம் முழுவதும் எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டாலும் சென்னையில் ஒரு புள்ளிகூடக் குறையாது. பார்வையாளர் இருக்கிறார், கணக்கில் இல்லை. மலையக மக்களுக்கு இது பழகிப்போன நிலைதான் என்று ஒருமுறை நான் சொன்னதற்கு, அத்தை சிரிக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

நேரமும் அவர்களுக்காக அமைக்கப்பட்டதல்ல. 1996 ஒக்டோபர் முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கையின் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட அரை மணித்தியாலம் முன்னால் ஓடியது. 'சித்தி'யும் 'மெட்டி ஒலி'யும் உச்சத்திலிருந்த காலம் அது. சென்னையில் இரவு 9 மணிக்குத் தொடங்குவது செய்மதி வழியாக நேரடியாகப் பார்ப்பவருக்கு இங்கே 9.30 ஆகியது. விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, பிள்ளையைத் தோட்டத்துக் குழந்தை பராமரிப்பு நிலையமான பிள்ளைக்காம்பிராவில் விட்டுவிட்டு மலையேற வேண்டிய பெண்ணுக்கு அந்த அரை மணித்தியாலம் உறக்கத்திலிருந்து போனது. "ஒன்னும் நடக்கல" என்ற சொல்லில் இவ்வளவு காரம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

2022இன் நெருக்கடி, யாரும் திட்டமிடாத ஒரு பரிசோதனையை நடத்திக் காட்டியது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டது. தொடர் நேரங்கள் இருட்டில் போயின. மின்சாரம் வந்த ஒரு நாளில் விட்ட இடத்திலிருந்து பார்க்க உட்கார்ந்தவர்கள், கதை பெரும்பாலும் விட்ட இடத்திலேயே நிற்பதைக் கண்டார்கள். அன்றிலிருந்து வாரத்தில் சில நாட்கள் மட்டும் பார்ப்பது என்ற வழக்கம் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது.

தங்கள் வாழ்க்கையே திரைக்கு வந்த ஒரு சந்தர்ப்பத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். 2023இல் ஜீ தமிழின் 'சரிகமப' சிறுவர் பாட்டுப் போட்டி மேடையில், புசல்லாவைப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து சென்ற சிறுமி பாடினாள். மலையக மக்கள் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைவு பேசப்பட்ட அதே ஆண்டு. அவள் பாடிய இரவுகளில் தொடரை நிறுத்திவிட்டு எல்லோரும் அந்த அலைவரிசைக்கு மாறினார்கள். அவை அத்தையின் பட்டியலில் மிக உயர்ந்த இடத்தில் இருக்கின்றன; என்னுடையதிலும்தான். ஆனால் நிகழ்ச்சிக்காரர்கள் தோட்ட வாழ்வைப் பற்றிய பேச்சின் கீழே தொடர்ந்து சோக இசையை ஓடவிட்டதும், பாட்டு முடிந்த கணமே அழும் முகங்களைத் தேடிக் கமரா அலைந்ததும் எனக்கு உறுத்தின. பிள்ளை மேடையில் நிமிர்ந்து நின்று பாடினாள். அந்த நிமிர்வே போதுமானதாக இருந்தது. அத்தையோ இதைப் பெரிதுபடுத்தவில்லை. "அழுவட்டும், மொதமொறயா நம்மளுக்கு அழுவுறாங்க" என்பது அவர் கட்சி. இந்த விடயத்தில் இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இலங்கையிலேயே தமிழ் அலைவரிசைகள் இல்லாமல் இல்லை. சக்தி 1998இலும் வசந்தம் 2009இலும் தொடங்கின. ஆனால் உள்ளூரில் நாடகம் எடுப்பதைவிட இந்தியத் தொடரை வாங்கி ஓட்டுவது மலிவு. சிறிய தமிழ் விளம்பரச் சந்தைக்குள் நின்று ஆறு நாள் தொடர் ஒன்றைத் தாங்குவது எந்த நிறுவனத்துக்கும் கடினம். சென்னையின் அளவைப் பின்பற்ற வேண்டும் என்று யார் சொன்னார்கள் என்பதே இங்கே கேட்க வேண்டிய கேள்வி. சிங்களத் தொலைநாடகங்கள் நெடுங்காலம் வாரத்துக்கு ஒன்றாக, சில பத்து எபிசோட்களுக்குள் கதையை முடித்து வந்தன. மலையகத்தார் அவற்றை விரும்பிப் பார்த்து வளர்ந்தவர்களே. முடிவை முன்பே தீர்மானித்து, ஒரு தோட்டத்தை மட்டும் களமாக வைத்து, வாரம் ஒன்றாக இருபது எபிசோட்களில் ஒரு கதையைச் சொல்வதற்கு வேண்டிய பணம் ஒரு பெருந்தொடரின் சிறு பங்கே. நடிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு மாசியிலும் விடிய விடிய ஆடிக்கொண்டிருக்கிறார்கள். மறுநாள் பறிக்கப்போகும் கொழுந்து மலையிலேயே தீர்ப்பும் கிடைத்துவிடும்.